தினமும் தெருவில் படம் எடுக்கிறவர்கள் வாருங்கள்: கேட்டு எடுக்கிறீர்களா, கேட்காமலா?

மாசிவீதி நடையன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பதினாலு மாதமாக ஒரு நாள் விடாமல் தெருவில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. கடை திறக்க ஒன்பதரை ஆகும். ஆறே காலுக்குச் சிம்மக்கல்லில் இறங்கினால் வடக்கு மாசி வீதி, கீழ மாசி வீதி, நடுவில் கீழமாரட் வீதி வெங்காயக் கடைகளுக்குள் ஒரு எட்டு, அப்புறம் விளக்குத்தூண், கடைசியாக அம்மன் சன்னதி. எட்டு மணிக்கு ஒரு டீயோடு முடியும். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். தினமும் முன்பின் தெரியாத ஒருவராவது படத்தில் இருக்க வேண்டும்.

தினமும் ஒரே வழியில் போனால் சலிக்காதா என்று வீட்டில் கேட்கிறார்கள். வடக்கு மாசி வீதி கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஏழு மணிக்கு வெயில் வீதியின் வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். மூட்டை சுமந்து வருகிறவரின் முகம் தெரியாது, தோள் ஓரம் மட்டும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். மார்கழியில் சூரியன் தெற்கே தள்ளி எழும்புவதால் வடக்குப் பக்கத்துக் கடைகளுக்கு மட்டும்தான் வெயில். பங்குனி வந்தால் வீதி முழுக்க வெயில் நேராகப் பாய்கிறது. இதெல்லாம் ஒரு நாள் போய் நின்றால் கண்ணில் படாது. எனக்கே ஒரு வருஷம் ஆனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அம்மன் சன்னதிப் பக்கம் ஒரு அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கண் எதிரே போகிற ஆட்கள் மேல் இருக்கிறது, கை தானாக ஓடுகிறது. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நார் ஒரு சுற்று, கட்டைவிரலால் ஒரு அமுக்கு. நார் உரசி உரசி அந்தக் கட்டைவிரல் நகத்தின் ஓரம் பள்ளமாகிவிட்டது. குனிந்து ரொம்பப் பக்கத்தில் போய் இரண்டு படம் எடுத்தேன். அவர் கை நின்றது.

"எதுக்குப்பா எடுத்த?"

"சும்மாம்மா, நல்லா இருந்துச்சு."

"சும்மான்னா? ஒங்க வீட்டு ஆளுகள இப்படிக் கேக்காம எடுப்பியா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு படத்தையும் அவர் கண் முன்னாலேயே அழித்துக் காட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஒன்பது நாளாக முதுகையும் நிழலையும்தான் எடுக்கிறேன். முகத்துக்கு நேரே கேமரா எழும்ப மாட்டேன் என்கிறது.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? உண்மையாகச் சொல்லுங்கள்.

---

ஒத்தக்கடை 28எம்எம்

அண்ணே, முதலில் ஒன்று. நீங்கள் அழித்தது சரி. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

என் கட்சி நேர் எதிர். கேட்டு எடுத்தால் அது தெருப் படம் இல்லை. "ஒரு படம் எடுத்துக்கட்டுமா"னு கேட்ட நிமிஷமே மனுஷன் மாறிவிடுகிறான். வேட்டியை இறக்கிவிடுவான், தலையைத் தடவுவான், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு ஆதார் அட்டைக்கு நிற்கிற மாதிரி நிற்பான். நாம் எதைப் பார்த்து நின்றோமோ அது போய்விடும்.

பிரெஞ்சுப் போட்டோக்காரர் கார்டியே பிரெஸ்ஸோன் 1950-ல் மதுரைக்கு வந்து எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். அதே வருஷம் ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். சின்ன லைக்கா கேமரா, பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ், பளபளக்கிற பாகத்தில் கறுப்பு டேப். நம் ஊர் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சாட்சி கிடைத்திருக்குமா?

ஆனால் நான் ஒளிந்து எடுக்க மாட்டேன். தூரத்தில் நின்று 200 எம்எம் ஜூம் போட்டு இழுப்பது எனக்குப் பிடிக்காது. அதில்தான் எனக்குத் திருட்டுத்தனம் தெரிகிறது. 28 எம்எம் அகலக் கோண லென்ஸ் மாட்டினால் நானும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அவரும் என்னைப் பார்க்கிறார். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே வையலாம், வைதிருக்கிறார்கள், வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக: காலையில் லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/500 நொடி, வெளிச்ச உணர்வைக் கூட்டிக் குறைக்கிற ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸை இரண்டரை மீட்டரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 28 எம்எம்முக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஃபோகஸ் தேடி நிற்கிற அந்த அரை நொடிதான் எதிரில் இருப்பவரைப் பயமுறுத்துவது. அது இல்லையென்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

---

பழைய நெகட்டிவ்

தம்பிமார்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். இப்போது கடை இல்லை, கண்ணும் அவ்வளவு இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நம் ஊரின் பழைய படங்களில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் எடுத்தவை முக்கியமானவை. மீனாட்சி கோயில், நாயக்கர் மஹால், தெப்பக்குளம் எல்லாம் எடுத்திருக்கிறார். தூணில் உளி பட்ட கோடு வரைக்கும் தெரியும். ஆனால் பல படங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. அந்தக் காலத்து நெகட்டிவுக்கு வெளிச்சம் நெடுநேரம் பட வேண்டும். தூண் அசையாது, பதிந்துவிட்டது. நடந்துபோன ஜனம் பதியவில்லை. அவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. பூ விற்றிருப்பார்கள், தண்ணீர் சுமந்திருப்பார்கள். அந்த நெகட்டிவில் அவர்களுக்கு இடமில்லை. கல்லுக்குக் கிடைத்தது மனுஷனுக்குக் கிடைக்கவில்லையே என்று அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

அதனால் எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எடுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்.

ஸ்டுடியோவில் ஒவ்வொரு நெகட்டிவுக்கும் நம்பர் போட்டுக் கவரில் வைப்போம். பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழித்து ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "ண்ணே, எங்க அய்யா தவறிட்டாரு. வீட்ல ஒரு படங்கூட இல்ல. தங்கச்சி கல்யாணத்துல ஓரமா நிப்பாரு, அத மட்டும் பெருசு பண்ணித் தரணும்." ஓரத்தில் பாதி முகமாக நின்ற ஆளை வெட்டி எடுத்துப் பெரிதாக்கி, வேட்டி சட்டை தீட்டி, பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன். கையில் வாங்கி அழுதுவிட்டுப் போவார்கள்.

உங்கள் ஹார்ட் டிஸ்கில் இப்போது எத்தனை பேருடைய ஒரே நல்ல படம் கிடக்கிறது என்று யோசித்தீர்களா? அந்தப் படம் உங்களிடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்குக் குறை அதுதான். கேட்டீர்களா கேட்கவில்லையா என்பது எனக்கு இரண்டாவது. கொடுத்தீர்களா?

---

சட்டப்புத்தகம்

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாக. கோர்ட்டில் வேலை பார்ப்பவன் என்ற முறையில்.

தெரு போன்ற பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுக்க முன் அனுமதி வேண்டும் என்று பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 1994-ல், தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில், ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவதும் அவர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் எழுத்தில் சம்மதம் வாங்காமல் செய்யாதீர்கள்.

இரண்டு இடத்தில் ரொம்பக் கவனம். ஒன்று, ஒரு பெண் தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி இருக்கிற தனிப்பட்ட நிலையில் எடுப்பது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் (ஐபிசி) 354-சி பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு. முதல் தடவைக்கே ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. ஆற்றுக்கரை, குளத்துப் படி எல்லாம் பொது இடம்தானே என்று அங்கே குளித்து உடை மாற்றுகிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

இரண்டாவது, குழந்தைகள். கையேந்துகிற, தெருவில் தங்குகிற, வேலை பார்க்கிற சிறுவர்களின் படம் தெருப் படம் எடுப்பவர்களிடம் நிறைய இருக்கும். சிறார் நீதிச் சட்டப்படி அந்தப் பிள்ளைகள் பாதுகாப்புத் தேவைப்படுகிறவர்கள். அவர்கள் அடையாளம் தெரிகிற மாதிரி வெளியிடுவதை 2015 சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கண்ணில் ஈரம் தெரிகிற குளோசப் என்று போட்டிக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயிலுக்குள் பேச்சே இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு மீனாட்சி கோயிலுக்குள் செல்போனே கூடாது என்றாகிவிட்டது.

---

தறிச்சத்தம்

இந்த இழையில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒத்தக்கடை அண்ணன் "சாட்சி" என்று எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் வீடு செல்லூர். அம்மா இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி இட்லிக் கடை போடுகிறார். நாலு அடுப்பு, சாயங்காலம் ஆறிலிருந்து ஒரு மணி வரைக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்து சாப்பிட்டான், போகும்போது படம் எடுத்தான். அம்மா இட்லித் துணியை எடுத்துவிட்டு ஆவிக்கு முகத்தைத் திருப்பி, முந்தானையால் நெற்றியைத் துடைக்கிற படம். படம் நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது. ஆவிக்குள் அம்மா முகம் அப்படியே மிதக்கிற மாதிரி இருக்கும்.

அதை அவன் நெட்டில் போட்டு மேலே ஒரு வரி எழுதினான். பிள்ளைகளால் கைவிடப்பட்டும் உழைக்கும் தாய் என்று. அவன் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எம்.காம். படித்தது அந்த இட்லியில். தம்பி பாலிடெக்னிக் முடித்தது அந்த இட்லியில். தினமும் சாயங்காலம் மாவுச் சட்டியைத் தூக்கிக் கொடுப்பது நான், ராத்திரி கடையை எடுத்து வைப்பது தம்பி. அந்தப் படம் ஆயிரக்கணக்கில் பகிரப்பட்டது. சொந்தக்காரர்கள் போன் போட்டு என்னைக் கேட்டார்கள். கீழே எங்களைத் திட்டி எத்தனை பேர் எழுதியிருந்தார்கள் தெரியுமா? பெற்ற தாயைத் தெருவில் விட்டவர்கள் என்று.

அம்மாவிடம் நாங்கள் காட்டவில்லை. யாரோ ஒரு கஸ்டமர் காட்டிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளிலிருந்து யாராவது போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இருபத்திரண்டு வருஷம் எதிரில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துப் பேசி இட்லி வைத்தவர் இப்போது போனைப் பார்த்துப் பயப்படுகிறார்.

ஆகவே சாட்சி என்று சொல்லாதீர்கள் அண்ணே. சாட்சி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

---

ஒத்தக்கடை 28எம்எம்

தங்கச்சி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது, அந்தப் பையன் நான் இல்லையென்றாலும். நானும் தலைப்பு எழுதியிருக்கிறேன். "தனிமை", "காத்திருப்பு" என்றெல்லாம். அவர் நிஜமாகவே தனியாகத்தான் இருந்தாரா, பஸ்ஸுக்குத்தான் நின்றாரா என்று ஒருபோதும் கேட்டதில்லை. இன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாத் தலைப்பையும் எடுத்துவிடுகிறேன். தெருப் பெயர், தேதி மட்டும் இருக்கட்டும்.

கேட்டு எடுப்பதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் கேட்காமல் எழுதுவதில் மாறிவிட்டது.

---

ரைன்கரைத் தமிழன்

கோல்னிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் திருமங்கலம். இங்கே ஜெர்மனியில் சம்மதம் இல்லாமல் ஒருவர் முகத்தை வெளியிடக் கூடாது என்று 1907-லேயே சட்டம். அதன் கதை கேளுங்கள். 1898-ல் ஜெர்மனியின் முதல் சான்சலர் பிஸ்மார்க் இறந்த ராத்திரி இரண்டு போட்டோக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்து அவர் உடலைப் படம் எடுத்துவிட்டார்கள். அந்த வழக்கிலிருந்துதான் பேச்சு கிளம்பிச் சட்டமாக வந்தது. ஊர்வலம், கூட்டம், இடத்தை எடுக்கும்போது நடுவில் அகப்படுகிற ஆள் இதற்கெல்லாம் விலக்கு உண்டு.

இங்கே பழகியதால் எனக்குத் தெருவில் கேமராவைத் தூக்குவதற்கு முன் கண்ணைப் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. வாய் திறந்து கேட்பதில்லை. கேமராவை லேசாக உயர்த்திப் புருவத்தைத் தூக்குவேன். தலையசைத்தால் எடுப்பேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது மட்டும் இதெல்லாம் செல்லாது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தோல் பையோடு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நம் கண்ணையா பார்க்கிறார்கள்? போன தடவை கேமராவுக்குப் பாலிதீன் உறை கட்டியும் லென்ஸுக்குள் ஈரம் போய்விட்டது. அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையில் சர்க்கரைச் செம்போடு நின்ற ஒரு அப்பத்தா தானாகவே என்னைக் கூப்பிட்டு, "எடுப்பா, செம்புல சூடம் எரியுறது தெரியுற மாதிரி எடு" என்றார்.

---

தெப்பக்குளம் மாலை

பெண் எடுப்பதால் எனக்கு வேறு மாதிரி. பெண்கள் பக்கத்தில் விடுகிறார்கள், அதில் எனக்கு வசதி அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேமராவை எடுத்த இரண்டாவது நிமிஷம் சுற்றி நாலு ஆண்கள் நின்று "எந்தச் சேனல்? யூடியூப்பா?" என்பார்கள். சேனல் இல்லை என்றால் நம்புவதில்லை. பின்னே எதற்கு என்ற கேள்வி வரும். பூக்கார அம்மா கேட்ட அதே கேள்வி.

நான் கண்ட வழி, கொஞ்சம் நாளாகும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு முதல் வாரம் கேமரா இல்லாமல் போனேன். கால் கிலோ மல்லி வாங்கினேன், விலை பேசினேன், சாக்கு ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தேன். எட்டாவது நாள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பத்தாவது நாள் தராசுக்காரர் தானே கேட்டார், "என்ன பாப்பா, தூக்கிட்டே வர்ற, எடுக்கவே மாட்டேங்குற?" அதற்கப்புறம் ஒரு மாதம் எடுத்தேன். யாரும் ஆதார் அட்டைக்கு நிற்கவில்லை அண்ணே. அவரவர் வேலையைப் பார்த்தார்கள், நான் என் வேலையைப் பார்த்தேன். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் அப்படித்தான். பழைய ஸ்பானர் விற்கிறவரிடம் ஒரு ஸ்பானர் வாங்கினால் பேச்சு தானாக வரும்.

இன்னொன்று. எடுத்ததையெல்லாம் போட வேண்டும் என்று யார் சொன்னது? சிகாகோவில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்த விவியன் மேயர் லட்சத்துக்கும் மேலே நெகட்டிவ் எடுத்துவிட்டு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். 2007-ல் அவர் பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அவரைக் கேட்காமலேயே எல்லாவற்றையும் உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது, அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது, தினமும் எடுக்கிற பழக்கத்துக்கும் தினமும் போடுகிற பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. தினமும் போட வேண்டும் என்றால் கை அவசரப்படும், அவசரத்தில்தான் முகத்தைத் திருடத் தோன்றும்.

---

தறிச்சத்தம்

அக்கா சொன்னதற்கு நன்றி. பத்து நாள் வந்து சாப்பிட்டுவிட்டு எடுத்திருந்தால் அம்மாவே சிரித்திருப்பார்.

---

மாசிவீதி நடையன்

எல்லோருக்கும் நன்றி. பழைய நெகட்டிவ் ஐயா, "கொடுத்தீர்களா" என்று நீங்கள் கேட்டது நாலு நாள் தூங்கவிடவில்லை. பதினாலு மாதத்தில் ஒருவருக்குக்கூட ஒரு படம் கொடுத்ததில்லை நான். வெங்காய மார்க்கெட் லோடுமேன் அண்ணன் ஒருவர் என் படங்களில் பதினோரு இடத்தில் இருக்கிறார். தினமும் எதிரில் வருகிறார். அவரை நான் இன்னும் "தெரியாதவர்" கணக்கில்தான் வைத்திருந்தேன்.

பூக்கார அம்மாவுக்குக் கொடுக்க என்னிடம் படம் இல்லை, அழித்தாயிற்று. நேற்று போனேன். கேமராவைப் பையில் வைத்துவிட்டு இரண்டு முழம் வாங்கினேன். அடையாளம் தெரிந்துகொண்டார். "அன்னைக்கு எடுத்தது எங்க?" என்றார். அழித்துவிட்டேனே என்றேன். "அது தெரியும். வேற எடுக்கலையா?"

நான் கேட்டேன். முதல் தடவையாக வாய் திறந்து கேட்டேன். அவர் நாரைக் கீழே வைத்தார், கையைத் துடைத்தார், எழுந்து நின்று சேலையை இழுத்துவிட்டார், மூக்குத்தி நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். ஒத்தக்கடைத் தம்பி சொன்ன அதே நிலை. எனக்குள்ளேயும் ஒரு குரல், "கை ஓடிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமே" என்றது. ஆனால் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது அந்த முகத்தில் அப்படி ஒரு கம்பீரம். அவர் தன்னை எப்படிப் பார்க்கச் சொல்கிறாரோ அப்படி நின்றார். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

சாயங்காலமே 4x6 பிரிண்ட் போட்டு இன்று காலை கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஓட்டு கார்டுல இருக்குறதுதான் எங்கிட்ட இருக்க ஒரே படம், அதுல செத்த மாதிரி இருப்பேன்" என்றார். பக்கத்தில் தேங்காய் வைத்திருக்கிற அக்கா எட்டிப் பார்த்து, "எனக்கு?" என்றார். அங்கிட்டு இருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். நாளைக்கு நாலு பிரிண்ட் கொண்டுபோக வேண்டும். லோடுமேன் அண்ணனுக்குப் பதினொன்று.

ஒரு சந்தேகம் ஐயா. அவர் அந்தப் படத்தை மடித்துப் பூக்கூடையில் ஈரச் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டார். அது தாங்குமா?

---

பழைய நெகட்டிவ்

தாங்காது. இரண்டு நாளில் சாயம் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடும். இன்னொரு காப்பி போட்டு லேமினேஷன் பண்ணிக் கொடுங்கள். ஓரத்தில் கால் அங்குலம் பிளாஸ்டிக் விட்டு வெட்டச் சொல்லுங்கள். படத்தோடு ஒட்டி வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கும். பின்னால் பால்பாயின்ட் பேனாவில் அழுத்தாமல் தேதியும் அவர் பெயரும் எழுதிவிட்டு அப்புறம் லேமினேஷன் போடுங்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள் தம்பி.